தேவைகளே இல்லாத ஊர்

நன்சேத்தா ஊருக்கு வேண்டியிருந்தது ஒரு குழாய். வந்து சேர்ந்தது ஒரு நிறுவனம்.

ஊரின் அடிபம்பு ஈஸ்டர் முடிந்த வாரத்தில் இருமியது, பிறகு காற்றைக் கக்கியது, பிறகு எதையும் கக்கவில்லை. உள்ளே இறங்கும் குழாய் வெடித்திருக்கிறது என்று மாவட்டத் தண்ணீர் அலுவலகத்து ஆள் வந்து பார்த்துச் சொன்னார். புதுக்குழாய் எப்போது வரும் என்று எனெலெசி கேட்டதற்குத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வராதும்மா. உங்க ஊரை அந்த நிறுவனத்துக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு. அவங்க ஊருக்குள்ள நாங்க கை வெச்சா, ஒரே வேலை ரெண்டு தடவை நடந்ததா ஆயிடும்."

ஒரு தடவைகூட நடக்காத வேலை எப்படி இரண்டு தடவை நடந்ததாக ஆகும் என்று எனெலெசிக்குப் புரியவில்லை. அவள்தான் ஊரின் தண்ணீர்க் குழுத் தலைவி. பம்பு ஓடிய நாளில் அந்தப் பதவிக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது ஆற்றுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் வழியில் அவள் வீட்டு வாசலில் நின்று, காலி வாளியைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

எனெலெசிக்கு அவசரம் இருந்தது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். மழை இறங்கிவிட்டால் மேட்டிலுள்ள எல்லா ஊர்களின் கழிவும் அந்த ஆற்றில்தான் இறங்கும். பின்னாலேயே காலரா வரும். போன மழையில் பம்பு பழுதாகிக் கொஞ்ச நாள் கிடந்தது. அந்தக் கொஞ்ச நாளில்தான் அவள் தங்கை போனாள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பொழுது சாய்வதற்குள் இல்லை. தங்கையின் பிள்ளைகள் இப்போது எனெலெசியிடம்தான் வளர்கின்றன. அவை ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கும்போதும் அவள் அவற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழைக்கு முன்னால் குழாய் வந்தாக வேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் அந்த வருஷம் இல்லை.

நிறுவனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதை நிறுவியவர் பேராசிரியர் யோராம் கச்சிங்வே. அதே நாட்டில், சில்வா ஏரிக்கரையில் மீன் உலர்த்தும் குடும்பத்தில் பிறந்து, வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பி, ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார்: ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஜனங்களையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆராய்ச்சி உலகம் ஆடிப்போயிற்று. அதுவரை அங்கே யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அவரைக் கண்டம் கண்டமாக அழைத்துப் போய்ப் பட்டமும் சால்வையும் கொடுத்தார்கள். அவர் கேட்ட கேள்விகளைக் கொண்டு ஒரு நிறுவனம் எழுந்தது. கேட்பது என்பது ஒரு துறையாயிற்று, துறைக்கு ஒரு கட்டடம் வந்தது, கட்டடத்துக்கு ஒரு இயக்குநர் வந்தார். நன்சேத்தா போன்ற ஊர்களில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: 'கேட்பவர்கள்'.

கேட்பவர்கள் அக்டோபரில் வெள்ளை ஜீப்புகளில் வந்தார்கள். ஊர் மாமரத்தடியில் கூடியது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் மலிசேனி. அந்தக் கிழவர் வாழ்நாளில் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. கூட்டம் எதைப் பற்றியது என்பது அவருக்கு முக்கியமில்லை. பன்னும் சோடாவும் எப்போது என்பதுதான் முக்கியம்.

"நம்மால அறுக்க முடியாததை அறுக்க விருந்தாளிதான் கூரான கத்தி கொண்டு வருவான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றார் அவர்.

"இவங்க கத்தி கொண்டு வரல பெரியப்பா. கத்தி வேணுமான்னு கேக்க வந்திருக்காங்க" என்றாள் எனெலெசி.

முதல் சிக்கல் நாற்காலியில் வந்தது. விருந்தாளிகளுக்கென்று தேவாலயத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்திருந்தார்கள். இயக்குநர் டாக்டர் அலோய்ஸ் காபூதா, கோட்டும் சூட்டுமாக இறங்கி, நாற்காலியைக் கையால் தள்ளிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். மக்களுக்கு மேலே உட்காருவது நிறுவனத்தின் கொள்கைக்கு விரோதம். ஊர்க்காரர்கள் திடுக்கிட்டார்கள். விருந்தாளியைவிட உயரத்தில் உட்காருவது அவர்களுடைய வழக்கத்துக்கு விரோதம். அவர்கள் எழுந்து கொஞ்சம் சரிவில் இறங்கி உட்கார்ந்தார்கள். இயக்குநர் அதைக் கவனித்துவிட்டு, இன்னும் சரிவில் வந்து உட்கார்ந்தார். ஊர் இன்னும் இறங்கியது. கடைசியில் நன்சேத்தா முழுவதும் வாய்க்கால் பள்ளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, டாக்டர் காபூதா கரையில் புழுதியும் வெற்றியுமாக அமர்ந்து பேசத் தொடங்கினார்.

"நாங்க எதுவும் குடுக்க வரல. குடுக்கிறதுங்கறது ஒரு வன்முறை. குடுக்கிறவன் கை மேல, வாங்குறவன் கை கீழ. நாங்க உங்க கையைக் கீழ இருக்க விடமாட்டோம்."

பள்ளத்திலிருந்து எனெலெசி கையை உயர்த்தினாள். "அய்யா, பம்புக்குள்ள குழாய் வெடிச்சிருக்கு. ஒரு புதுக்குழாய் வேணும்."

இயக்குநர் கருணையோடு சிரித்தார். பக்கத்தில் இருந்த ஃபெலிஸ்டா என்ற இளம் அதிகாரி குனிந்து விளக்கினாள்: "அக்கா, அது பதில். நாம இன்னும் கேள்விக்கே வரல."

கேள்விக்கு வர அந்த வாரம் முழுக்க ஆயிற்று. முதலில் ஊரின் வரைபடத்தை ஊராரே தரையில் வரைய வேண்டும். வரைந்தார்கள். தங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் மரியாதைக்காக ஆச்சரியப்பட்டார்கள். பிறகு ஆற்றைப் போல நடித்துக் காட்ட வேண்டும். மலிசேனி ஆறாக நடித்து இரண்டு பன் வாங்கினார். பம்பாக நடிக்க எனெலெசியைக் கூப்பிட்டார்கள். அவள் அசையாமல் நின்றாள். மிகத் தத்ரூபமாக இருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள்.

கடைசி நாள்தான் முக்கியமான நாள். சாம்பலால் தரையில் படங்கள் போட்டார்கள்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, பம்பு, சந்தை. ஆளுக்கு ஒரு கைப்பிடி பீன்ஸ் விதை கொடுத்தார்கள். எது அதிகம் தேவையோ அந்தப் படத்தின் மேல் அதிக விதையை வைக்க வேண்டும். எந்தப் படத்தில் விதை குவிகிறதோ, அது ஊரின் குரல்.

விதை நல்ல விதை. பெரியது, சிவப்பு, புள்ளி விழுந்தது. அங்கேதான் வினை வந்தது. அந்தப் பக்கத்தில் மழைக்கு முந்திய மாதத்தில் ஒருவர் உங்கள் கையில் விதையை வைத்தால், வீடு போகும்வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது. வெறும் மண்ணில் விதையைப் போட்டுவிட்டு எழுந்தால், அந்த வருஷத்துச் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு எழுந்ததாக அர்த்தம். கொடுத்தவருக்கும் கேடு. ஆகவே பெண்கள் முட்டி மடக்கி, இரண்டு கையாலும் விதையை வாங்கி, மெல்லக் கைதட்டி நன்றி சொல்லி, இடுப்புத் துணியின் முனையில் இறுக்கி முடிந்துகொண்டார்கள். ஆண்கள் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"வையுங்க அக்கா, படத்து மேல வையுங்க" என்று ஃபெலிஸ்டா கெஞ்சினாள்.

"மண்ணுலயா? இந்த மாசத்துலயா? உங்கம்மா உனக்கு எதுவும் சொல்லித்தரலையா கண்ணு?"

ஃபெலிஸ்டா திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மாவும் வெக்க மாட்டாங்கக்கா. ஆனா அதை நான் அவர்கிட்டச் சொல்லக் கூடாது. உங்க வாயில நான் வார்த்தையைப் போட்டதா ஆயிடும்."

"அப்போ என் வாயாலயே நான் சொல்றேன். பம்புக்குக் குழாய் வேணும். எழுதிக்க."

"வாயால சொன்னாக் கணக்கில்லைக்கா. விதையால சொல்லணும்."

டாக்டர் காபூதா படம் படமாகக் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விதை இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை. ரோட்டில் இல்லை. பம்பில் இல்லை. அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பூஜ்யம்" என்றார். "ஃபெலிஸ்டா, இது என்னன்னு புரியுதா? இந்த ஜனங்களுக்கு எந்தத் தேவையும் இல்ல. உலகத்துலயே முதல் தடவையா ஒரு சமூகம் தேவைகளைக் கடந்துடுச்சு!"

அன்றிலிருந்து நன்சேத்தாவின் புகழ் எனெலெசியின் கால்களுக்கு எட்டாத வேகத்தில் பரவியது. ஊர் எல்லையில் 'தேவைகளே இல்லாத ஊர்' என்று பலகை நட்டார்கள். மாவட்ட அலுவலகம் மருந்து, உரம், கொசுவலை எல்லாவற்றிலிருந்தும் ஊரின் பெயரை அடித்தது. இல்லாத தேவைக்குப் பொருள் அனுப்பினால் தணிக்கையில் கேட்பார்களாம். வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். தங்களுக்கு வேண்டிய தண்ணீரைப் புட்டிகளில் கொண்டுவந்து குடித்து, ஜனங்களின் நிறைவான முகங்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். பழுதான பம்பைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. பம்பே வேண்டாம் என்று விட்ட ஊர் என்பதற்கு அது சாட்சியாம்.

எனெலெசி சைக்கிள் டாக்ஸியின் பின்னால் உட்கார்ந்து ஜோம்பா நகரத்துக்கே போனாள். நிறுவனத்தின் குறைகேட்பு அறையில் அவளைப் பாயில் உட்கார வைத்தார்கள்.

"இந்தக் குறையை நீங்களா உணர்ந்தீங்களா, வேற யாராவது உணர வெச்சாங்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"வாளி உணர வெச்சுதுய்யா."

"வாளி உங்க ஊர்க்காரரா?"

அவள் திரும்பி வரும் வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெற்கே மேகம் கறுத்துத் திரள ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது.

நவம்பரில் பேராசிரியர் கச்சிங்வேயின் எண்பதாவது பிறந்தநாள். அவருடைய வாழ்வையும் பணியையும் கொண்டாட நன்சேத்தாவை விட்டால் வேறு இடம் ஏது? பந்தல் போட்டார்கள். நன்கொடை நாட்டுத் தூதர்கள் பாயில் உட்கார முடியாமல் உட்கார்ந்தார்கள். கிழப் பேராசிரியர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நடுவில் அமர்ந்தார். காதில், கேட்பதற்கு ஒரு சின்ன மிஷின். டாக்டர் காபூதா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்ததும் கிழவரின் விரல் காதுக்குப் போய்த் திரும்பியதை எனெலெசி பார்த்தாள்.

"தரையில் உட்கார் என்றார் பேராசிரியர்" என்று இயக்குநர் முழங்கினார். "அதனால்தான் எங்கள் தலைமையகத்தின் எல்லா மாடிகளுக்கும் இத்தாலியிலிருந்து தரை வரவழைத்திருக்கிறோம். கேள் என்றார். சென்ற வருடம் மட்டும் இந்த நாட்டில் பாதிப் பேரைக் கேட்டோம்; ஒருவருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அந்தத் தூய்மையை வேறெந்த நிறுவனமும் இப்படிக் காத்ததில்லை. அவர்கள் உண்பதை உண், அவர்கள் குடிப்பதைக் குடி என்றார். அதைப் பற்றி நாங்கள் நான்கு கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் 'மக்களின் குரல்' கூப்பிடப்பட்டது. அது எனெலெசி. 'நாங்கள் நிறைவாக இருக்கிறோம்' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"பம்பு செத்துக் கெடக்கு. நாங்க ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. இன்னும் கொஞ்ச நாள்ல மழை வந்துடும். மழை வந்தா எங்க வீடுகள்ல சாவு விழும். போன தடவை என் தங்கச்சி. இந்தத் தடவை யாருன்னு தெரியல."

பந்தலில் ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இயக்குநரின் பார்வை ஃபெலிஸ்டாவின் மேல் விழுந்தது. அவள் தூதர்களுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: இந்தச் சமூகம் ஆற்றோடு ஒரு நெடிய உரையாடலில் இருக்கிறது. தூதர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

கிழவர் தடியால் தரையைத் தட்டினார். "இங்க வாம்மா. பக்கத்துல வா. நீ பேசும்போது மிஷினைப் போட்டுட்டேன். ரெண்டு பாஷையும் எனக்குத் தெரியும்." அவள் அருகில் வந்து மண்டியிட்டாள். "தேவை இல்லைன்னு இவங்க சொல்றாங்களே, அப்போ குடுத்த விதையெல்லாம் எங்க?"

"வீட்டுல இருக்குங்கய்யா. மழைக்குக் காத்துக்கிட்டிருக்கு."

கிழவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். "டேய் காபூதா, மழைக்கு முந்தி விதையைக் கையில குடுத்தா எவடா கீழ வெப்பா? உங்கம்மா வெப்பாளா?"

"எங்கம்மா ஜோகன்னஸ்பர்க்ல கணக்காளர், சார்."

"சரி, முடிவைத் திருத்து. பம்பைச் சரிபண்ணிக் குடு."

டாக்டர் காபூதா பதறிப்போனார். "முடியாது சார். முடிவை மூணு மாநாட்டுல வாசிச்சாச்சு. இனிமே இவங்களுக்குத் தேவை வந்தா அது பின்னடைவு. பின்னடைவுக்கு நிதி கிடையாது. தவிர, குழாய்னு குடுத்துட்டா அது குடுக்கிறதாயிடும். நீங்க கத்துக்குடுத்ததுதானே சார்?"

 தான் கற்றுக்கொடுத்தது எதிரே கோட்டுப் போட்டு நிற்பதைக் கிழவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு எனெலெசியின் பக்கம் திரும்பினார்.

"தாகமா இருக்கும்மா. குடிக்கத் தண்ணி குடு."

ஒருவர் புட்டித் தண்ணீரை நீட்டினார். கிழவர் அதைத் தடியால் ஒதுக்கினார். "உங்க வீட்டுத் தண்ணி."

இயக்குநர் குறுக்கே விழுந்தார். "ஐயோ சார், அது ஆபத்து! அந்தத் தண்ணியை மனுசங்க குடிக்கக் கூடாது!"

ஒலிபெருக்கி அவர் கையிலேயே இருந்தது. அந்த வாக்கியம் பந்தல் முழுக்கக் கேட்டது. ஊர்க்காரர்கள் அவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். அவர் சமாளித்தார்: "அதாவது... அது இவங்களோட பாரம்பரியத் தண்ணி. நாம அதை மதிக்கணும். தூரத்துலேர்ந்து."

எனெலெசி குவளையில் மொண்டு வந்தாள். பழுப்புத் தண்ணீர். கொண்டுவந்தவள் கொடுக்கவில்லை. விருந்தாளிக்குத் தண்ணீர் மறுப்பது பாவம், இதைக் கொடுப்பது அதைவிடப் பெரிய பாவம். அவருக்கு அவள் அப்பாவின் வயது. குவளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. என் கையால இதைக் குடுக்க மனசு வரல."

"குடிச்சா என்ன ஆகும்?"

"வயித்தால போகும்."

"எப்போ?"

"இன்னைக்கு ராத்திரியே."

"நல்லது" என்றார் கிழவர். "இந்த நிறுவனத்துல வேற எதுவும் அவ்வளவு சீக்கிரமா நடக்காது. குடும்மா. காலம்பூரா கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். கேக்கறதைத் தவிர நான் யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல."

அவள் கையிலிருந்து குவளையை அவரே எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும், முட்டியை லேசாக மடக்கி, ஊர் வழக்கப்படி. ஒரே மூச்சில் குடித்தார். மெல்லக் கைதட்டி நன்றி சொன்னார். தூதர்கள் இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துத் தாங்களும் கைதட்டினார்கள்.

அன்றிரவு அவரை நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. எனெலெசிக்குச் சோறு இறங்கவில்லை. தேவாலயத்தில் போய் விழுந்து கிடந்தாள். கிழவர் போய்விட்டால் அந்தப் பழி தன் குவளைக்குத்தான் என்று அழுதாள். பிழைத்துவிட்டார், ஏரிக்கரைக் கட்டை, அவ்வளவு சுலபமாகச் சாயாது என்று ஃபெலிஸ்டா யாருக்கும் சொல்லாமல் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. நிறுவனம் முழுவதிலும் யாரையும் எதையும் கேட்காத பிரிவு அது ஒன்றுதான். நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் தண்ணீரால் நோய்ப்பட்ட இடத்தில், நல்ல தண்ணீர் வரும்வரை வேறெந்த அதிகாரியும் விருந்தாளியும் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அதன் விதி. தேவைகளே இல்லாத ஊருக்கோ அடுத்தடுத்து விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். ஜனங்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டியதில்லைதான். ஜனங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டுமே.

வாரம் முடியவில்லை, ஒரு பழைய லாரி வந்து நின்றது. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவன் இறங்கினான். பின்னால் குழாய்கள் கட்டியிருந்தன. பழக்க தோஷத்தில் ஊர் மாமரத்தடியில் கூடி, அப்படியே வாய்க்கால் பள்ளத்திலும் இறங்கி நின்றது. மலிசேனி கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. முதல்ல படம் வரையணுமா, ஆறா நடிக்கணுமா?"

"பம்பு எங்க?" என்றான் அவன்.

எனெலெசி கையை நீட்டிக் காட்டினாள். அவன் கயிற்றை அறுத்தான், மேல்மூடியைக் கழற்றினான், பழைய குழாயை உருவினான், புதியதை இறக்கினான், முடுக்கினான், கையைத் துடைத்துக்கொண்டான், லாரியில் ஏறினான். ஒருவர் பெயரையும் கேட்கவில்லை. ஒருவரும் எதுவும் உணர்ந்தார்களா என்று விசாரிக்கவில்லை. லாரியின் புழுதி அடங்குவதற்குள் தெற்கே முதல் இடி கேட்டது.

மலிசேனிக்கு மனசு ஆறவில்லை. அவர் பம்படிக்கு வந்து, லாரி போன திசையைப் பார்த்துக் குமுறினார். "என்ன பய இவன்! பன்னு இல்ல, சோடா இல்ல. நமக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டானா? மரியாதை தெரியாத ஜென்மம்!"

எனெலெசி பம்பின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கோ ஆழத்தில் ஏதோ ஏறி வரும் சத்தம் கேட்டது. தங்கையின் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குழாயின் கீழே குனிந்தன.

"தள்ளி நில்லுங்க பெரியப்பா" என்றாள் அவள். "தண்ணி வருது."